கட்டித்தங்கம் மார்க்

"வணிக முத்திரைக்கும் உயிர் உண்டு. அது பிறக்கிறது, வளர்கிறது, காலம் வந்ததும் கண்ணியமாக விடைபெற வேண்டும்."

ராஜபாண்டியன் இதைச் சொல்லிவிட்டு, கருத்து சபையில் இறங்குவதற்காக ஓர் இடைவெளி விட்டான்.

அந்த இடைவெளியில் கரண்ட் போனது.

சபை என்பது இரண்டு பேர். ஒருவர் அவனுடைய அப்பா அய்யாதுரை. திருத்தங்கல் ரோட்டில் இருக்கும் கட்டித்தங்கம் பட்டாசு கம்பெனியின் முதலாளி. இன்னொருவர் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்காரர் சீனிவாசகம். இந்த சீசனுக்கான லேபிள் புரூஃபை மடியில் வைத்துக்கொண்டு, முதலாளியின் ஓகே கையெழுத்துக்காகக் காத்திருந்தார்.

ஃபேன் நின்றதும் அந்தப் புரூஃபையே எடுத்து விசிறிக்கொண்டார்.

ராஜபாண்டியன் சென்னையில் எம்.பி.ஏ. முதல் வருஷம் முடித்திருந்தான். கோடை விடுமுறைக்கு மும்பையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பயிற்சி கிடைத்திருந்தது. நல்ல பெயர் வாங்கினால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. பொறாமையில் வகுப்பில் பாதிப் பேர் அவனோடு பேசுவதில்லை.

அதை விட்டுவிட்டு, அப்பாவின் கம்பெனியிலேயே ஆய்வு செய்யப்போகிறேன் என்று சிவகாசிக்கு பஸ் ஏறிவிட்டான்.

அய்யாதுரைக்குப் பெருமை தாங்கவில்லை. பையனுக்குத் தொழில்பற்று வந்துவிட்டது என்று ஊர்க் கோயிலின் சித்திரைப் பொங்கல் திருவிழாவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காதவர்களை நிறுத்திவைத்துச் சொன்னார்.

பையனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கட்டித்தங்கம் வெடிப்பெட்டியின் லேபிளை மாற்ற வேண்டும். இந்த வாரம் பழைய லேபிளே அச்சுக்குப் போய்விட்டால் இந்தத் தீபாவளியும் போயிற்று. அவனோடு படிக்கும் சொர்ணலட்சுமி, இந்த வருஷம் வீட்டில் உங்கள் கம்பெனி வெடிதான் என்று சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கமில்லை.

நல்லவேளை, லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. திரையை அவர்கள் பக்கம் திருப்பினான். பழைய லேபிளில் இருந்த குழந்தைப் படத்தைக் காணோம். அந்த இடத்தில் ஓர் உலக உருண்டை. அதைச் சுற்றி மின்னல். நடுவே கே.டி. என்று இரண்டு எழுத்து.

சீனிவாசகம் குனிந்து பார்த்தார். "கேடின்னா போலீஸ் ஸ்டேசன்ல போட்டோ ஒட்டியிருப்பாகளே, அதா தம்பி?"

"கட்டித்தங்கத்தோட சுருக்கம் அண்ணாச்சி. உலகத் தரம்."

அய்யாதுரை நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"ஏலே, கான்பூர்லயும் பாட்னாவுலயும் நம்ம பேரை எவன் வாசிக்கான்? படத்தைத்தான் பாக்கான். பிள்ளைப் படம் போட்ட வெடி குடுன்னு கேட்டு வாங்குதான். பிள்ளைய எடுத்துட்டா சரக்கு பூராம் குடோன்ல கெடந்து நம்மளப் பாத்துச் சிரிக்கும்."

ராஜபாண்டியன் கொஞ்சம் இறங்கி வந்தான். குழந்தை இருக்கட்டும், வேறு குழந்தையாக இருக்கட்டுமே என்றான்.

வேறு குழந்தை என்றால் டூப்ளிகேட் என்று ஏஜெண்ட் லோடைத் திருப்பிவிடுவான் என்றார் அப்பா.

கழுத்துக்கு மேல் மட்டும் வெட்டிப் போடலாம் என்றான். இன்றைய நுகர்வோர் முகத்தை மட்டுமே கவனிப்பதாக ஆய்வு சொல்கிறது என்றான். எந்த ஆய்வு என்று சொல்லவில்லை.

அப்பா அசையவில்லை.

கடைசியில், ஆய்வு எதையும் துணைக்குக் கூப்பிடாமல், "ஒரு ஜட்டியாவது வரைஞ்சு விடலாமேப்பா" என்றான்.

"கம்ப்யூட்டர்ல போட்டுறலாம் அண்ணாச்சி" என்றார் சீனிவாசகம். "கலரு மட்டும் சொல்லுங்க."

"ஜட்டி போட்டாலும் டூப்ளிகேட்டுதான்" என்றார் அய்யாதுரை.

பிறகு மகனை ஏற இறங்கப் பார்த்தார். கொள்முதல் செய்யும்போது பார்க்கிற பார்வை அது.

"நான் இந்தச் சீட்டுல இருக்கிற வரைக்கும் லேபிளு இதுதான். படிப்ப முடிச்சுட்டு மும்பை கிம்பைன்னு அலையாம, இங்கன வந்து உக்காரு. அன்னைக்கு ஜட்டி என்ன, கோட்டு சூட்டே மாட்டிவிடு. நட்டம் வந்தா உன் நட்டம். நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

மும்பைக் கடல், கண்ணாடி அறை, விருது விழா, அதில் அவன் ஆற்றுவதற்கென்று பல மாதங்களாகத் திருத்தி வைத்திருந்த நன்றியுரை எல்லாம் ராஜபாண்டியன் கண்முன் வந்து நின்றன.

எதிரே சீனிவாசகம் விசிறிக்கொண்டிருந்தார்.

"சரிப்பா. வந்துர்றேன்."

அய்யாதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து மகனின் தோளைத் தட்டினார். இந்த சீசன் லேபிளுக்கு அவனே ஓகே போட வேண்டும், தொழிலில் அவனுடைய முதல் கையெழுத்து அதுவாக இருக்கட்டும் என்றார்.

சீனிவாசகம் விசிறுவதை நிறுத்தினார். புரூஃபை மேசைமேல் விரித்து, ஓரத்தை நீவிவிட்டு, பேனாவை நீட்டினார்.

ராஜபாண்டியன் கையெழுத்துப் போட்டான். போட்டு முடிக்கும்வரை பிரஸ்காரர் புரூஃபையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்னந்தான் கொஞ்சம் வத்திப்போச்சு தம்பி" என்றார்.

படம் எடுத்தபோது ராஜபாண்டியனுக்கு ஒன்பது மாதம். அரைஞாண் கயிறு மட்டும் கட்டியிருந்தான்.