வாங்கு கேட்காத இடம்

மலையடிக் குடிலின் வாசலில் நின்றபடி, றலியா முந்தானையில் முடிந்திருந்த பேரீத்தம்பழத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. கணவர் மஹ்ரூப் இன்னும் மலையிலிருந்து இறங்கி வரவில்லை.

பொழுது இறங்கி நோன்பு திறக்கும் மஃரிபுக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சொன்ன சொல் தவறாத மனிதர். அக்குறணையில் அவருடைய புடைவைக் கடைக் கதவின் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் கடைகளைத் திறப்பார்கள்.

அது அரசாங்கத்தின் மலைக்காடு. பார்க்கப் போகிறவர்கள் கண்டியில் காட்டுக் கந்தோரில் அனுமதி எடுத்து வந்து, இந்தக் குடிலில் காவலாளியிடம் காட்ட வேண்டும். அவர் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பும், கைக்கு ஒரு ஊன்றுகோலும் கொடுத்து அனுப்புவார். வருவது பெரும்பாலும் துரைமார்தான். மஹ்ரூபுக்கு, பிறந்த ஊரை ஒருதரம் உயரத்திலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. நடையாய் நடந்து கேட்ட அனுமதி, நோன்பு மாதத்தில் வந்து வாய்த்தது. அதுவும் இன்றைக்கு மட்டுந்தான் செல்லும்.

நோன்போடே ஏறுவேன் என்றார். நானும் வருவேன் என்று இவளும் புறப்பட்டாள். முதல் வளைவிலேயே அவளுக்குக் கால் பிசகியது. அவளைக் குடிலில் உட்கார வைத்துவிட்டு அவர் தனியாகப் போனார்.

கால் வலியை அவள் மறந்தே போனாள். ஸஹர் சாப்பாட்டின் நினைவுதான் நெஞ்சை அறுத்தது.

இன்று விடியுமுன் எழும்பாமல் அயர்ந்து தூங்கியவள் அவள்தான். எழுப்ப ஆளில்லாமல் அவரும் தூங்கிப்போனார். ஒரு மிடறு தண்ணீரும் உள்ளே போகாமல் பிடித்த நோன்பு. அல்லாஹ் இருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே அவர் மலையேறினார்.

உச்சியில் பாறை செங்குத்தாக இறங்குகிறது, வேலி கிடையாது என்று காவலாளி சொல்லியிருந்தார்.

வெறும் வயிற்றோடு அங்கே தலை சுற்றினால்?

காவலாளி அம்புறோஸ் தோட்டத்து ஆள். வழக்கமாக இருப்பவர் காய்ச்சலில் படுத்துவிட, அவருக்குப் பதிலாக முந்தாநாள்தான் இந்த மலைக்கு வந்திருந்தார். குடிலில் மணிக்கூடு இல்லை. மூடுபனி வாசலைத் தொட்டதும் அவரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வானமும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. தூணில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஓங்கி அடித்தார். மேலிருந்து பதில் இல்லை.

அவர் உள்ளே போனார். இருந்த ஒரே கோப்பையைக் கழுவி, டப்பாவின் அடியில் கிடந்த சீனியைச் சுரண்டிப் போட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

"பொழுது போயிருச்சும்மா. இத குடிச்சு நோன்ப முடிச்சுக்குங்க. நான் மேல போயி மொதலாளிய கூட்டிட்டு வர்றேன்."

நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, அரிக்கன் விளக்கை ஏற்றிப் பிடித்தபடி பனிக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரம் வெளிச்சம் ஆடியது. பிறகு அதுவும் இல்லை.

றலியா பழத்தை முடிச்சிலிருந்து எடுத்தாள்.

ஊரில் நோன்பு திறக்க யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொல்வார்கள், பழம் வாய்க்குப் போகும். பிறந்த நாள் தொட்டு அவள் அறிந்த மஃரிபு அந்தச் சத்தந்தான். இந்த மலையடிக்கு எந்தப் பள்ளியின் வாங்கும் வந்து சேராது. இருட்டையே வாங்காக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

துஆவை ஓதிப் பழத்தை உதட்டருகே கொண்டுபோனாள்.

முடியவில்லை. ஸஹரும் இல்லாமல் ஒருவர் மேலே எந்தப் பாறையில் கிடக்கிறாரோ. அவள் வாயில் இது எப்படி இறங்கும்?

கோப்பைக்குப் பக்கத்தில் பழத்தை வைத்தாள். அவர் வரட்டும், இரண்டு பேருமாகத் திறப்போம். வராவிட்டால் என்று தொடங்கிய நினைவை அவள் முடிக்கவில்லை. தூங்கியது நான், யா அல்லாஹ், அவரில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கல்லில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது.

முதலில் விளக்கு வந்தது. பின்னால் மஹ்ரூப், வியர்த்து வடிந்த முகமெல்லாம் சிரிப்பாக.

"நம்மட பள்ளி தெரியிது, றலியா. வெள்ளையா, வெரல் அளவுக்கு."

அவள் அழுதாள். அழுகையினூடே ஏசினாள். இருட்டி இவ்வளவு நேரமாகிறது, ஊரைப் பார்த்தது போதாதா, பெண்டாட்டியைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டாள்.

அவர் விளங்காமல் விழித்தார்.

"பின்னேரம் அஸர் தொழுதிட்டு நேரா எறங்கி வாறேன். மஃரிபுக்கு இன்னம் நேரம் ஈக்கிதே."

அம்புறோஸ் கையிலிருந்த விளக்கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மூன்றாம் வளைவு தாண்டினால் பனியே இல்லை, மேலே சுள்ளென்று வெயில் காய்கிறது, அந்த வெயிலில் இந்த விளக்கை ஏந்திக்கொண்டு நடந்தேன், மொதலாளி பார்த்துச் சிரித்துவிட்டார் என்று தலையைச் சொறிந்தார்.

மேற்கே நின்ற மலை சூரியனை மறைத்திருந்தது. மிச்ச வெளிச்சத்தைப் பனி மறைத்தது.

மஹ்ரூபின் கண் அப்போதுதான் கோப்பையில் விழுந்தது. அவர் முகத்தில் சிரிப்பு அடங்கியது.

"நோன்ப தொறந்திட்டியா?"

றலியா பழத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அதில் ஒரு பல்கூடப் படவில்லை.

அம்புறோஸ் விளக்கை ஊதி அணைத்தார். ஆறிப்போன தேநீரைத் தட்டால் மூடிவைத்துவிட்டு, அவர்களோடு வாசலில் உட்கார்ந்தார். மலையேறி இறங்கிய தாகம் அவருக்கும் இருந்தது.

பொழுது இறங்கும்வரை அவரும் ஒன்றும் குடிக்கவில்லை.