பதினைந்தாவது நிமிடம்

"தலையை ஆட்டாதே ஐலா. ஒரு கம்பி நழுவினாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஐலா அசையவில்லை. ரெய்னோ அவளுடைய நரைமுடியை வகிடு பிரித்து, நறநறவென்ற களிம்பைப் பஞ்சில் தொட்டு மண்டைத்தோலில் அழுத்தித் தேய்த்தார்.

"மெதுவா தேயேன். எரியுது."

"எரிஞ்சாத்தான் அழுக்கு போகும். அழுக்கு போனாத்தான் சிக்னல் வரும். முப்பத்திரண்டு வருஷம் கரண்டு கம்பத்துல ஏறினவனுக்குக் கம்பியைப் பத்திப் பாடம் எடுக்காதே."

"சரி" என்றாள் ஐலா.

போன அக்டோபரில்தான் ரெய்னோ மின்கம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு வந்து சேர்ந்தார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஐலாவுக்கு இந்தத் தொல்லை தொடங்கியது. நெஞ்சு படபடக்கும். தூக்கம் வராது. கரண்டி கீழே விழுந்தால்கூடத் தூக்கிவாரிப்போடும். மாத்திரைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

வின்னிபெக்கிலிருந்து மகள் மார்லிஸ் வாரம் தவறாமல் போன் செய்தாள். "அம்மாவைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்புங்கப்பா."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? மூளை அலைப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. கருவியை வாடகைக்கு எடுத்திருக்கேன். ஆறு வாரம் பொறு. அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா நானே கொண்டுவந்து விடறேன்."

அந்த ஆறு வாரம் இன்றோடு முடிகிறது. பதினொரு மணிக்குப் பயிற்சியாளர் பெத்தனி திரையில் வந்து முடிவைச் சொல்லப்போகிறாள்.

கம்பிகளின் முனையில் தங்கமுலாம் பூசிய குட்டிக் கிண்ணங்கள், சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பசையை நிரப்பி, நாடா வைத்து அளந்த இடத்தில் அழுத்தினார் ரெய்னோ. காது மடல்களில் கவ்விகளை மாட்டினார். மடிக்கணினியில் மின்தடையைக் காட்டும் எண் இறங்கியது. அது குறையக் குறைய சிக்னல் சுத்தம்.

"நாலு புள்ளி ரெண்டு! க்ளினிக்ல அந்தப் பொண்ணு மாட்டினப்ப ஒம்பது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

திரையில் ஓர் ஏரி, அதில் ஒரு படகு. மனம் அடங்கினால் படகு நகரும். அலைந்தால் மூடுபனி வந்து மறைத்துவிடும். ரெய்னோ தன் நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தோளை இறக்கு. பல்லைக் கடிக்காதே. மூச்சை இழு... இரு, இரு... இப்ப விடு. படகு நின்னுடுச்சு பார். எதையோ நினைக்கிறே. என்ன நினைக்கிறே?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் நிக்குது? நினைக்காதே."

கருவியோடு இரண்டு செட் கம்பிகள் வந்திருந்தன. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஒன்றைத் தலையில் மாட்டும் வேளையில் மற்றதை வீட்டின் அடித்தளத்திலுள்ள தொட்டியில் வெந்நீரில் போட்டுவைப்பார். கால் மணி நேரத்துக்கு மேல் ஊறினால் முலாம் போய்விடும் என்று குறிப்புத்தாளில் இருந்ததால், கடிகாரத்தைப் பார்த்து இறங்கிப் போவார். குழந்தைப் பல்துலக்கியால் ஒவ்வொரு கிண்ணத்தையும் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கொக்கியில் உலர்த்துவார். அவ்வளவு பக்குவமாக அவர் வாழ்நாளில் ஒரு தட்டுகூடக் கழுவியதில்லை.

அன்றும் கழுவிவிட்டு மேலே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "தோள், ஐலா. தோள்."

பதினொரு மணிக்குத் திரையில் பெத்தனியின் முகம் தெரிந்தது. ஐலாவின் தலையில் பசைகூட இன்னும் காயவில்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லணும் ரெய்னோ. வீட்டுல எடுத்த பதிவு இவ்வளவு சுத்தமா இருந்து நான் பார்த்ததே இல்ல."

ரெய்னோவின் முகம் மலர்ந்தது.

"ஆனா மொத்தமாப் பார்த்தா பெரிய முன்னேற்றம் இல்ல."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மார்லிஸின் குரல் காதில் கேட்பதுபோல் இருந்தது. அம்மாவை அனுப்புங்கப்பா.

"பயப்படாதீங்க, நல்ல சேதியும் இருக்கு" என்றாள் பெத்தனி. ஒரு வரைபடம் விரிந்தது. "படபடப்பைக் காட்டற இந்தக் கோட்டைப் பாருங்க. தினமும், ரெண்டு வேளையும், பதினைஞ்சாவது நிமிஷத்துல அப்படியே இறங்கிடுது. எட்டு, ஒம்பது நிமிஷம் குளத்துத் தண்ணி மாதிரி கிடக்கு. அப்புறம் மறுபடி ஏறிடுது. அமைதியா இருக்க இவங்க மூளைக்கு நல்லாவே தெரியுது. அந்த நேரத்துல என்ன பண்றீங்களோ, அதை நாள் பூரா பண்ணினா மாத்திரையே தேவைப்படாது."

ரெய்னோ மேசையில் ஓங்கித் தட்டினார். ஐலாவின் தோள்கள் துள்ளின.

"நான் சொல்லலே? எல்லாம் அந்த மூச்சுதான்! பக்கத்துலயே உட்கார்ந்து விடாம சொல்லிக் குடுக்கறேன். அது உள்ளே இறங்க அவ்வளவு நேரம் பிடிக்குது. இந்தப் படத்தை என் பொண்ணுக்கும் அனுப்பும்மா. அவ பார்க்கட்டும், அவங்க அம்மாவை யாரு குணப்படுத்தறதுன்னு."

"இருக்கலாம்" என்றாள் பெத்தனி. "ஐலா, நீங்க சொல்லுங்க. அந்த எட்டு நிமிஷம் என்ன நடக்குது?"

ஐலா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"சொல்லேன், அந்தப் பொண்ணு கேக்குதில்ல?" ரெய்னோ சிரித்தபடி அவள் முழங்கையைத் தட்டினார். "வெட்கப்படாம சொல்லு."

ஐலா அவர் பக்கம் திரும்பாமல், திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்போ இவர் கீழே போயிருப்பார்."