மிஞ்சினால் யாரோடது?

"என்ன மேடம் நியாயம் இது? அஞ்சு மணிக்குள்ள என் ஆய்வேடு போகலைன்னா ஒரு வருஷம் வீண். பேட்டி வீடியோ எல்லாம் சேர்த்து அனுப்பணும். ரெண்டு தடவையும் பாதியில அறுந்துடுச்சு!"

மாணவியர் விடுதியின் நெட்வொர்க் அறையில் வந்து நின்று கத்தியவளுக்குத் தோழிகள் வைத்த பெயர், வக்கீல்.

நெட்வொர்க் மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு ரூமுக்கு இவ்வளவு வேகம்தான்னு ரவுட்டர்ல போட்டு வெச்சிருக்கோம். அதுக்கு மேல வந்தா, மிஞ்சினதைத் தூக்கிப் போட்டுடும்."

"யாரோடதை?"

"இதுவரைக்கும் அது ஆள் பார்க்கலைம்மா. அகப்பட்டது போச்சு."

"அதைத்தான் தப்புன்னு சொல்றேன்! நான் அனுப்புறது மூணு வருஷ உழைப்பு. என் ரூம்மேட் பார்க்கிறது சினிமா. ரெண்டும் ஒண்ணா?"

"சினிமாவா?"

"பின்னே? தினம் சாயங்காலமானா திரை முன்னாடி உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பா. நாங்க அவளுக்கு வெச்ச பேரே சினிமாதான். மிஞ்சினா அவளோடதைத் தூக்கிப் போடுங்க!"

"மாத்தியாச்சு. நீ படியிறங்கி வர்றதுக்குள்ளேயே மாத்திட்டேன். இனிமே அவளோடதுதான் விழும். போய் அனுப்பு."

யார் சொல்லி மாற்றினார் என்று வக்கீல் கேட்கவில்லை. ஜெயித்த வழக்கில் யாராவது குறுக்கு விசாரணை செய்வார்களா?

ரெண்டு ரெண்டு படியாகத் தாவி அறைக்கு வந்தாள். மறுபடி அனுப்பினாள். எழுபது... எண்பது...

எதிர்க் கட்டிலில் சினிமா. அவள் திரை அப்படியே உறைந்து கிடந்தது.

"என்னடி, படம் நின்னுடுச்சா?" வக்கீல் குரலில் கொஞ்சம் குஷி.

"நிக்கட்டும். நான்தான் மேடத்துக்கு போன் பண்ணி, என்னோடதை முதல்ல தூக்கிப் போடச் சொன்னேன்."

வக்கீல் எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு பெண்மணி, ரெண்டு கையையும் அந்தரத்தில் தூக்கியபடி நின்றிருந்தாள்.

"எங்க அம்மா. காது கேக்காது, பேச்சும் வராது. நாங்க பேசுறதெல்லாம் கையாலதான். கொஞ்ச நேரம் படம் நிக்கும்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

வக்கீல் தன் திரைப் பக்கம் திரும்பினாள்.

தொண்ணூறு... நூறு. 'பெறப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்தது.

எதிர்த் திரையில் உறைந்திருந்த கைகளும் அசைந்தன. அம்மா படபடவென்று கையை ஆட்டி எதையோ சொன்னாள்.

"திட்டுறாங்களா?"

"சேச்சே! உன்னோடது போய்ச் சேர்ந்துடுச்சான்னு கேக்குறாங்க."