பத்து நிமிட மருந்து

"இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் டாக்டரு. அவரும் மாத்திரையக் குடுக்காம, புக்கு படின்றாரு! அதுவும் என்னைப் பாக்காமலே!"

செங்கல்பட்டு கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மாரி சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் மருமகள் ரஞ்சிதா, மடியில் ஒரு கதைப் புத்தகத்தோடு.

"மெதுவா பேசு மாமா. மனசுக்கு நல்லதுன்னுதான சொன்னாரு?"

"நாலாங்கிளாஸோட மீன் வலைக்குப் போனவன் நானு. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள தாவு தீந்துபூடுது. எனக்கு ஒரு மாத்தமும் தெரியல."

"எனக்குத் தெரியுதே" என்றாள் ரஞ்சிதா.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தினம் பத்து நிமிஷம் படிக்கச் சொன்னேனே, படபடப்பு குறைஞ்சுதா? தூக்கம் வருதா?"

"நல்லா தூங்கறேன் டாக்டர்" என்றாள் ரஞ்சிதா.

மாரி திடுக்கிட்டுத் திரும்பினார். "சீட்டு உன் பேர்லயா கீது?"

டாக்டர் அவளிடம் கேட்டார். "என்ன கதை படிச்சீங்க?"

"நான் எங்க படிச்சேன்? மாமாவைப் படிக்க வெச்சேன். அவரு எழுத்துக் கூட்டற வரைக்கும் கொழம்புல உப்பில்ல, வூட்ல ஒழுங்கில்லன்னு ஒரு வார்த்தை வராது. அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு மருந்து."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டில் எழுதினார். "இனிமே அரை மணி நேரம்."

மாரி புத்தகத்தைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"புக்கு படிச்சா மனசு தேறுமாம்! வாய மூடிகினு இருந்தது நானு, துட்டு வாங்கறது டாக்டரு" என்று முனகியபடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.