பல் விழுந்த பொம்மை

நவராத்திரிக்கு முன் காளிகாட் பொம்மைத் தெருவைச் சுற்றி வருவது கிடர்பூர் கஸ்டம்ஸ் ஆபீசில் வேலை பார்த்த மஹாதேவனின் குடும்ப வழக்கம். மகள் ஜலஜா நாலு வயதில் காய்ச்சலில் போனதும் கொலு நின்றது. அந்த உலாவும் நின்றது. மூன்று வருஷம் கழித்து இன்றுதான் மனைவி நாகலக்ஷ்மியை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார்.

காளி படங்கள் தொங்கிய கடைகளையும், மிட்டாய்க் கடை வாசலில் அரட்டையடித்த கும்பலையும் தாண்டிப் போனார்கள். ஒரு பொம்மைக்காரரின் பலகையில் மூன்று மண் சிறுமிகள் நின்றன. பாவாடை, தாழம்பூ தைத்த பின்னல். வங்காளத்தில் யாரும் அப்படிப் பின்னுவதில்லை. ஒன்றைவிட ஒன்று உயரம். மூன்றிலும் ஜலஜாவின் முகம்.

"ஏன்னா, யாரைப் பாத்துப் பண்ணினார்னு கேளுங்கோ."

மஹாதேவன் வங்காளியில் கேட்டார். பதிலை அவளுக்குத் தமிழில் சொன்னார்.

"பூஜைக்கு முன்னாடி வருஷா வருஷம் ஒரு மதராஸிக் குழந்தை வந்து உக்காந்துக்குமாம். அது வளர வளர இவரும் பெரிசாப் பண்றாராம். உங்க பொண்ணுதானேன்னு கேக்கறார், நாகு."

நாகலக்ஷ்மி பெரிய பொம்மையை எடுத்தாள். வர்ணம் இன்னும் காயவில்லை. சிரித்த வாயில் முன்பல் இரண்டைக் காணோம். மகளுக்குப் பல் விழுந்து அவள் பார்த்ததில்லை.

"வாங்கிக்கலாமா?" என்றார் மஹாதேவன்.

"வேண்டாம். அவ வந்தா தேடுவா."

திரும்பும் வழியில் ஜவுளிக் கடையில் பாவாடைத் துணி கேட்டாள். குழந்தை எவ்வளவு உயரம் என்றார் கடைக்காரர். அவள் தன் இடுப்பருகே கையை வைத்துக் காட்டினாள். பிறகு யோசித்து, இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.