பின்வரிசை நாற்காலி

“புரிஞ்சுதா?” என்று கேட்டாள் கலேசிட்டா, தர்ப்பூசணிக் கீற்றை உயர்த்திப் பிடித்தபடி.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டர் லாங்டன், மடியிலிருந்த தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

பக்கத்தில் இருந்த லுசியானே அதைப் பார்த்துவிட்டாள்.

பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறைக்கு அவள் டீன். வெளித்தீவு ஒன்றில் ஒற்றை வாத்தியார் பள்ளியில் ஆரம்பித்து, வாத்தியார்களுக்கே பாடம் சொல்லும் இடத்துக்கு வந்தவள். பசிபிக் தீவுநாடான டோங்காவுக்கென்று அவள் கட்டி எழுப்பிய ஆசிரியர் பட்டப்படிப்புக்கு இன்று சோதனை. சிட்னியிலிருந்து வந்திருக்கும் லாங்டன் ‘சரி’ என்றால் படிப்பு பிழைக்கும். ‘இல்லை’ என்றால் மூடுவிழா. போன தடவை வந்தவர் ஏற்கெனவே ஒரு ‘இல்லை’ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாமே இந்த ஒரு பாடத்தில் இருந்தது. எடுப்பவள் கலேசிட்டா, கடைசி வருட மாணவி.

லாங்டனுக்கு டோங்கா மொழி தெரியாது. வகுப்பில் பேசுவதை லுசியானே அவர் காதோடு ஆங்கிலத்தில் சொல்லலாம். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. அதுதான் நிபந்தனை.

ஆனால் பிள்ளைகள் பேசினால்தானே சொல்வதற்கு?

பதில் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். கலேசிட்டாவின் முகத்தில் அந்தத் திருப்தி தெரிந்தது. அத்தனை புருவங்களும் ஒருசேர ஏறி இறங்கியிருக்கும். ‘ஆமாம்’ சொல்ல இந்தத் தீவில் யார் வாயைத் திறக்கிறார்கள்?

பின்வரிசையிலிருந்து பார்த்தால் தெரிவது பின்னந்தலைகள்தான்.

“ஆமாங்கறாங்க” என்று கிசுகிசுத்தாள்.

“யாரு?” லாங்டன் அவளைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கு ஒண்ணுமே கேக்கலையே மேடம்.”

அந்தப் பார்வையில் இப்போது சந்தேகமும் சேர்ந்திருந்தது. தாளில் இன்னொரு பெருக்கல் குறி.

லுசியானே எழுந்தாள்.

“கொஞ்சம் எந்திரிங்க டாக்டர்.”

“பார்வையாளர் பின்னாலதான் உக்காரணும்.”

“விருந்தாளியப் பின்னால உக்கார வெச்சேன்னு இதுங்க வீட்ல போய்ச் சொல்லும். ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சியோட நான் சர்ச்சுக்குள்ள போறது?”

அவர் அரைமனதாக எழுந்ததுதான் தாமதம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, தீவு வழக்கப்படி உடைக்கு மேல் இடுப்பில் கட்டிய பின்னல் பட்டைகள் படபடக்க, வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். கரும்பலகைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தாற்போல் அதைப் போட்டாள். டீனே நாற்காலி தூக்கி வருவதைப் பார்த்த கலேசிட்டாவுக்குக் கீற்று கை நழுவப் பார்த்தது.

“நீ நடத்தும்மா” என்றாள் லுசியானே.

கலேசிட்டா கையிலிருந்த கீற்றை உயர்த்தி, மேசையில் இருந்த சின்னக் கீற்றையும் காட்டினாள்.

“நாலுல ஒரு பங்கு இது. எட்டுல ஒரு பங்கு அது. எட்டு பெரிய எண்ணுதானே? அப்ப எட்டுல ஒரு பங்குதான் பெருசு, இல்லையா?”

லாங்டனின் காதில் லுசியானே வரி பிசகாமல் சொன்னாள்.

வகுப்பு கல்லாக உட்கார்ந்திருந்தது. ஒரு புருவமும் அசையவில்லை. முன்வரிசையில் ஒருவனுடையது மட்டும் விருட்டென்று ஏறியது. பக்கத்தில் பார்த்தான். ஏறின வேகத்திலேயே இறக்கிக்கொண்டான்.

“மோசேசே, உன் புருவத்துக்கு என்ன அவ்ளோ அவசரம்?” என்றாள் கலேசிட்டா. “சரி, நாலுல ஒரு பங்குதான் பெருசு?”

காற்றடித்த கடல்போல வகுப்பு முழுக்கப் புருவங்கள் எழுந்தன. மோசேசுடையது எல்லாருக்கும் முந்தி.

லாங்டன் சிரித்துவிட்டார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. லுசியானே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் காருக்கு நடந்தார்கள்.

“எப்படி டாக்டர்?”

“கமிட்டி கூடித்தான் சொல்லும். நான் வாயத் திறக்கக் கூடாது.”

“நீங்க வாயத் திறக்கவே வேணாம்” என்றாள் லுசியானே. “பாஸா?”

அவருடைய புருவங்கள் மேலே போய் வந்தன.

அவ்வளவுதான். கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

லுசியானே அப்படியே நின்றாள். அது ‘ஆமாம்’தானா? இவர்கள் ஊரில் ஆச்சரியப்பட்டாலும் புருவத்தைத்தானே தூக்குகிறார்கள்? ‘என்ன துணிச்சல் இந்தம்மாவுக்கு’ என்று தூக்கியிருந்தால்? 

கார் கண்ணாடி இறங்கியது.

“எங்கம்மாவுக்கு இதே டோங்காதான், ஹாபாய் தீவு மேடம்” என்றார் லாங்டன். “நான் பொறந்தது சிட்னி, பாஷை வரல. முன்கூட்டியே சொன்னா சலுகை காட்டினேன்னு ஆயிடும். அவங்க இன்னைக்கும் போன்ல பேசறப்பக்கூட புருவத்தைத்தான் தூக்குவாங்க. ‘சாப்டியாம்மா, சாப்டியாம்மா’ன்னு நான் இந்தப் பக்கம் கத்திட்டே கெடப்பேன்.”

கார் போய்விட்டது.

காலை விருந்தில் உள்ளூர்க்காரர் மாதிரி அவர் இலையை வழித்துச் சாப்பிட்ட லாவகம் இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கூடவே, தான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதும். பசி காதை அடைத்தது.

வகுப்புக்குள் போய், நாலில் ஒரு பங்காக இருந்ததை எடுத்துக் கடித்தாள்.

“மேடம், என்ன சொன்னாரு?” கலேசிட்டா ஓடி வந்தாள். பின்னால் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வாய் நிறையத் தர்ப்பூசணி. லுசியானே புருவத்தைத் தூக்கினாள்.

அன்று அந்த வகுப்பு போட்ட முதல் சத்தம் கடற்கரைவரை கேட்டது.