ஆடியில் விலைபோன பாதி

ஆடி வெள்ளிக்கிழமை அதுவுமாக என் தம்பி சின்னக்கண்ணு வீட்டை விற்கப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பொய் சொல்வானேன்.

ஆடியில் எங்கள் பக்கம் ஒரு கதவு நிலைகூட வாங்க மாட்டார்கள். வீடு வாங்க எவன் வருவான்?

விற்பதென்றால் தை. கரும்பு ஆலைக்குப் போயிருக்கும், நெல் வீடு வந்திருக்கும், நாலு பேர் கையில் நாலு காசு புரளும். மழை விட்டுச் சுவர் காய்ந்திருக்கும். ஓடு ஒழுகுவது வாங்க வருகிறவனுக்குத் தெரியாது.

நான் என் பாதியைத் தையில்தான் விற்றேன். புளி வியாபாரம் செய்கிற காஜா வாங்கினான். நல்ல விலை என்று எங்கள் ஊர் வடக்கனந்தலே பேசியது. பேசாதவர்களிடம் நானே போய்ச் சொன்னேன்.

அப்பா விட்டுப்போனது ஒரே ஓட்டு வீடு. நடுவில் சுவர் வைத்து எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி.

அவன் மேல் எனக்கு எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. பங்கு பிரித்தபோது கிணறு அவன் பக்கம் விழுந்தது. வேப்பமரமும் அவன் பக்கம். அவன் மகள் பன்னிரண்டாவதில் ஊரே மெச்சுகிற மார்க் வாங்கினாள். என் மகன் ஜீப்பில் கிளீனராக வெள்ளிமலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். ஒன்றிலாவது நான் அவனை முந்தினேன் என்றால், அது வீடு விற்றதில்தான்.

மகளைக் காலேஜில் சேர்க்க அவனுக்குப் பணம் வேண்டும். மாதம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வந்த விலைக்குத் தள்ளிவிடுவான். 'தையை விட்டுட்டியேடா' என்று நாலு பேர் முன்னால் உச்சுக்கொட்ட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

வந்திருந்தவர் ஹயாத் பாஷா. காஜாவின் மாமனார். கள்ளக்குறிச்சியில் புளி மண்டி வைத்திருப்பவர். மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அவர் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. வேப்பமரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நேற்றைய மழைக்கு ஓடு ஒழுகிய இடத்தில் ஒரு குண்டான் வைத்திருந்தார்கள். அதையும் தாண்டி நேராக நடுச்சுவரிடம் போய் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"இத இடிச்சிட்டா ஒரே குடோனு," என்றார் காஜாவிடம். "மலைப் புளி மொத்தமும் இங்கயே எறக்கிடலாம்."

பிறகு விலையைச் சொன்னார்.

எனக்குக் கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு.

"ஆடி மாசங்க பாய்." என்னை அறியாமல் வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "எங்களுக்கு ஆடி இன்னா, தை இன்னா பெரியவரே? அந்தப் பாதி தனியாக் கெடந்து இன்னாத்துக்கு ஆவும்? இதுவும் சேர்ந்தாதானே எடம்."

அந்தப் பாதி என்று அவர் சொன்னது என்னுடையதை.

காஜாவுக்குத் தை ஒரு கணக்கே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல மாதம், நல்ல மாதம் என்று நான் துள்ளியதெல்லாம் என்னோடு சரி. முதலில் விற்றவனுக்குப் பாதி வீட்டின் விலை. மிச்சத்தை வைத்துக்கொண்டு இருந்தவனுக்குக் கேட்ட விலை. எல்லாம் எப்போதும் இவனுக்கே எப்படித்தான் வந்து விழுகிறதோ.

சின்னக்கண்ணு வாயெல்லாம் பல்லாக வெற்றிலைத் தட்டோடு என் எதிரில் வந்து நின்றான். வீட்டுக்கு மூத்தவன் கையால்தான் முன்பணம் வாங்குவது எங்கள் குடும்பத்து வழக்கம். பாஷா தட்டை வாங்கி, பணத்தை அதில் வைத்து நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

"எல்லாம் எங்க அண்ணனாலதான் பாய்," என்றான் தம்பி. "தையிலயே ரெண்டு பாதியும் சேர்த்து வித்துடலாம்னு நான் ஒத்தக் கால்ல நின்னுக்கினு இருந்தேன். ஒரே தையில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வூடு வித்தா குடும்பத்துக்கு ஆவாது, நீ அப்பால வித்துக்கோன்னு இவருதான் தடுத்தாரு."

அப்படி ஒரு சாத்திரம் எந்த ஊரிலும் கிடையாது. தை பிறந்த மறுநாள் காலையில், வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே நான் உண்டாக்கியது அது.

கதவோரம் நின்று அவன் மனைவி கமலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

"பீஸ் கட்டினது போவ மிச்சத்துல ஒரு மனை வாங்கலாம்னு இருக்கறோம்ணா," என்றான் சின்னக்கண்ணு. "எந்த மாசம் நல்லதுன்னு நீயே சொல்லு."

தை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மார்கழி," என்றேன்.

கமலா வெடுக்கென்று நிமிர்ந்தாள். அதற்குள் பாஷா தலையை ஆட்டினார்.

"சரியாச் சொன்னீங்க. மார்கழியில உங்காளுங்க யாரும் மனை கேக்க மாட்டாங்க. அப்பதான் வெல கம்மியா முடியும்."

சின்னக்கண்ணு குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.